விமானத்துக்குக் கை காட்டியவர்

நீங்களே சொல்லுங்க தம்பி. கால் வீக்கத்தோட, பஸ் மாறி, திருச்சியில இருந்து கோயமுத்தூர் போயி மக வீட்டு வாசல்ல நிக்கிறேன். கதவைத் திறக்கிறா. "வாங்கப்பா"ன்னு வாயால ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடும்? தலையை ஆட்டுறா. கையால உள்ள வரச் சொல்றா. யாரோ கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனை உள்ள விடுற மாதிரி.

இத்தனைக்கும் அவளுக்குக் குரல் இருக்கு. நல்ல குரல். அந்தக் குரலை வர வச்சதே நான்தான்.

இல்லைங்க, காது கேக்காது. பிறவியிலேயே. ஆனா ஊமை இல்ல. அதை மட்டும் நல்லா கேட்டுக்கங்க. ஊமைன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கவா? காத்து காதுல அடிக்குது. நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. கரூர் வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன்.

என் பேரு சவரிநாதன். திருச்சி ஏர்போர்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பைலட் எல்லாம் இல்ல. விமானத்துக்குக் கை காட்டுற வேலை. ஆமா, அதுக்கு ஆள் வேணும். எல்லாரும் உங்களை மாதிரிதான் சிரிப்பாங்க. வேணாம்னு வச்சுக்கங்க, அவ்வளவு பெரிய விமானம் போய் ஏணி வண்டியில இடிச்சு நிக்கும்.

மேல பறக்கிற வரைக்கும்தான் அதுக்கு மவுசு. தரையில இறங்கிடுச்சுன்னா தடுமாறும். பைலட் உசரத்துல உக்காந்திருப்பாரு. தன் சக்கரம் எங்க உருளுதுன்னு அவருக்குத் தெரியாது. றெக்கை நுனி எதுல உரசப் போகுதுன்னு தெரியாது. ஊரும் புதுசு. அதனால எல்லாத்தையும் கண்ணுக்குக் காட்டியாகணும். இறங்கி ஓடுற பாதையில வெள்ளைக் கோடு. அதைவிட்டுத் திரும்பி உள்ள வர்ற பாதையில மஞ்சக் கோடு. இருட்டிட்டா ஓரத்துக்கு நீல விளக்கு, நடுவுல பச்சை விளக்கு. அங்கங்க எழுத்துப் போட்ட பலகை, இப்ப எந்தப் பாதையில இருக்கே, அடுத்தது எந்தப் பக்கம்னு. குறுக்க சிவப்பு வரிசையா எரிஞ்சா, அதைத் தாண்டக் கூடாது. இப்படிக் கோட்டைப் பிடிச்சு, விளக்கைப் பிடிச்சு, நிறுத்துற திடலுக்குள்ள வந்து சேர்ந்ததும், அங்க ரெண்டு கையிலயும் மட்டையோட ஒரு மனுஷன் நிப்பான். அதுக்கப்புறம் பைலட் வேற எதையும் பார்க்க மாட்டாரு. அந்த ஆளைத்தான் பார்ப்பாரு. அது நான்.

ரெண்டு கையையும் மேல தூக்கி நின்னா, இதுதான் உன் இடம், இங்க வா. இப்படி முழங்கையை மடக்கி ஆட்டினா, நேரா வா. ஒரு கையை இப்படி நீட்டிக்கிட்டு இன்னொண்ணை மட்டும் ஆட்டினா, திரும்பு. தலைக்கு மேல ரெண்டையும் குறுக்க வச்சா... ஐயோ, பட்டுடுச்சா? மன்னிச்சுக்கங்க. பஸ்ல கை காட்டி எனக்குப் பழக்கமில்ல.

குறுக்க வச்சா, நில்லு. அவ்வளவுதான். அசையாம நின்னுடும்.

வாயால அங்க ஒண்ணும் ஆகாது. எஞ்சின் சத்தத்துல, பக்கத்துல நிக்கிறவன் காதுக்குள்ள கத்தினாலும் கேக்காது. காதுக்கு மூடி வேற போட்டிருப்போம். அந்தத் திடல்ல எல்லாருமே செவிடுதான். கைதான் பேசும். கையில சுத்தம் வேணும். பாதி தூக்கி பாதி விட்டா பைலட்டுக்குக் குழப்பம் வந்துடும். சவரி நின்னா ரெண்டாவது தடவை யோசிக்க வேண்டாம்னு பைலட்டுங்க சொல்லுவாங்க. ஒரு மழை நாள்ல ஒரு வடநாட்டுக்காரர் இறங்கி வந்து, நனைஞ்சுகிட்டே என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. கோடே தெரியல, உன் கையை மட்டும் பார்த்துத்தான் வந்தேன்னாரு.

என் மக ஜெசிந்தாவைப் பத்திதானே ஆரம்பிச்சேன். வர்றேன்.

எங்க வீடு ஏர்போர்ட் பக்கத்துலதான். விமானம் ஏறும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்துலயும் குழந்தை முழிக்காம தூங்கும். தெருவே பாராட்டுச்சு. என் சம்சாரம் பிலோமினாகிட்ட, "உனக்கு வாய்ச்ச மாதிரி பிள்ளை யாருக்கும் வாய்க்காது, என்னா அமைதி"ன்னுவாங்க. பிலோமி மட்டும் குழந்தையையே பார்த்துக்கிட்டு இருப்பா. ஒரு நாள் குழந்தைக்குப் பின்னாடி நின்னு எவர்சில்வர் தட்டைத் தரையில போட்டா. நான் திடுக்குன்னு திரும்பினேன். பிள்ளை திரும்பல. கையில இருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பிலோமி அந்தத் தட்டை எடுக்காம அப்படியே உக்காந்துட்டா.

டாக்டர்கிட்டப் போனோம், வேளாங்கண்ணிக்குப் போனோம், போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனோம். அப்புறம் பேச்சு சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு கிடைச்சுது. அங்க ஒரு சிஸ்டர், எவாஞ்சலின்னு பேரு, என்னை உக்கார வச்சு ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க. "வீட்டுல கையே கூடாது. கை பேச ஆரம்பிச்சா வாய் மூடிக்கும்." அன்னைக்கு அதுதான் எல்லாரும் சொன்னது. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

எனக்கு அது உடனே விளங்கிடுச்சு தம்பி. எங்க தொழில்லயும் அதுதான் சட்டம். ஒரு விமானத்துக்கு ஒருத்தன்தான் கை காட்டணும். ரெண்டு பேரு ரெண்டு விதமா காட்டினா இடிச்சுடும். வீட்டுல ஒரு பக்கம் நான் வாய்ப் பேச்சு பழக்க, இன்னொரு பக்கம் பிலோமி கையைக் காட்டிச் சோறு வேணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டா பிள்ளை எதைப் பார்க்கும்? பிலோமிகிட்டச் சொல்லிட்டேன். இந்த வீட்டுல கை இல்ல.

டியூட்டி முடிஞ்சு வந்ததும் பிள்ளையை முன்னால உக்கார வைப்பேன். கையைத் தொடைக்கு அடியில வச்சு, அதுமேல உக்காரச் சொல்லுவேன். அப்பத்தான் ஆட்டாது. என் கழுத்துல அது கன்னத்தை வச்சு அழுத்தி "அப்பா"ன்னு சொல்லுவேன், அதிர்வு தெரியணும்னு. மெழுகுவர்த்தி ஏத்தி 'ப'ன்னு ஊதச் சொல்லுவேன். சுடர் ஆடினாத்தான் சரி. கையை உருவிட்டா, ஸ்கேலால விரல்ல ஒரு தட்டு. அடிக்கல, தட்டு. அழும். அழறப்பவும் குரல் வருதேன்னு எனக்கு ஒரு திருப்தி.

"அப்பா"ன்னு அது முதல்ல சொன்ன அன்னைக்கு ஏர்போர்ட் முழுக்க மைசூர்பாகு குடுத்தேன். செக்யூரிட்டி வரைக்கும்.

பிலோமி ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசினா. சாயங்காலம் நான் பழக்கிக்கிட்டு இருக்கேன், பிள்ளை சோறு உண்ணாம தேம்பிக்கிட்டு இருக்கு. அடுப்படியில இருந்து வந்து நின்னு சொன்னா: "ஏங்க, அவ்வளவு பெரிய விமானத்துக்கே உங்க கை போதுது. இந்தப் பிள்ளைக்குப் போதாதா?"

நான் சொன்னேன், "என் கையைப் பார்த்து விமானம் நிக்கும்டி. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா எந்த மாப்பிள்ளை நிப்பான்? பைலட்டுக்கு வாய் இருக்கு. வேலை முடிஞ்சா இறங்கி வந்து பேசுவான்."

அவ திரும்பி அடுப்படிக்குப் போயிட்டா.

ஒரு வருஷம் சுதந்திர தினத்துக்குக் குடும்பத்துக்காரங்களை உள்ள விட்டாங்க. பிலோமியும் ஜெசியும் வேலி ஓரமா நின்னாங்க. நான் முழு உடுப்புல, மட்டையோட. பம்பாய் விமானம் வருது. கை தூக்கினேன், மடக்கினேன், திருப்பினேன், குறுக்க வச்சேன். நின்னுச்சு. திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாயைத் திறந்தபடி நிக்குது. கண்ணு ரெண்டும் என் கையிலயே இருக்கு. அப்படி ஒரு பார்வை அது என்னை அதுக்கு முன்னயும் பார்த்ததில்ல, பின்னயும் பார்த்ததில்ல. பெருமையா இருந்துச்சு எனக்கு.

ஆனா வந்துச்சே வினை. ரெண்டு நாள் கழிச்சு 'பழம்' சொல்லப் பழக்கிக்கிட்டு இருக்கேன். 'ழ' வராம திணறுது. திரும்பச் சொல்லுங்கிறேன், திரும்பச் சொல்லுங்கிறேன். திடீர்னு தொடைக்கு அடியில இருந்து ரெண்டு கையையும் உருவி, தலைக்கு மேல தூக்கி, குறுக்க வச்சுது. என் முன்னாடியே. நில்லுன்னு எனக்கே காட்டுது. அப்படியே அசையாம வச்சுக்கிட்டு என்னைப் பார்க்குது.

அறைஞ்சுட்டேன். பின்ன? தொழிலைக் கேலி பண்ணா எவனுக்குத்தான் கோபம் வராது? பிலோமி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா.

டீக்கு நிறுத்துறானா? இல்ல, ஆள் ஏத்துறான். சரி.

படிச்சா. பன்னெண்டாவது முடிச்சா. பேச்சு சுமாரா வந்துச்சு. கடைக்குப் போய் "அரைக் கிலோ துவரம் பருப்பு"ன்னு கேட்டு வாங்கிட்டு வருவா. புதுசாக் கேக்கிறவங்களுக்குப் புரியாது, எனக்கு நல்லாப் புரியும். விருந்தாளி வந்தா கூப்பிட்டுப் பேசிக் காட்டச் சொல்லுவேன். நின்னு சொல்லிட்டு உள்ள போயிடுவா.

அப்புறம் கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில வேலை கிடைச்சுது. மோட்டார்க்குக் கம்பி சுத்துற செக்‌ஷன். அங்க இவளை மாதிரி நிறைய பேரு. எல்லாம் கையாலதான் பேசிக்குவாங்களாம். ஆறு மாசம் கழிச்சு லீவுக்கு வந்தவளைப் பார்க்கிறேன், கை நிக்கவே மாட்டேங்குது. சாப்பிடும்போது விரல் ஆடுது. போனை முன்னால நிறுத்தி வச்சுக்கிட்டு யார்கிட்டயோ ரெண்டு கையாலயும் பேசிச் சிரிக்கிறா. நான் உள்ள வந்தா நிறுத்திடுவா.

அந்த "யார்கிட்டயோ"தான் கோகுல். பொள்ளாச்சிப் பக்கம். பையன் தங்கமான பையன், அதைச் சொல்லணும். ஆனா ஒரு வார்த்தை பேசினதில்ல. பேச்சுப் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவன். அவங்க வீட்டுல அப்பா, அம்மா, தங்கச்சி, எல்லாருக்கும் காது நல்லா கேக்கும், ஆனா எல்லாரும் கையாலதான் பேசுறாங்க! இந்தப் பையனுக்காக ஊரையே கை பழக்கி வச்சிருக்காங்க.

நான் முடியாதுன்னேன். மதம் ரெண்டாம் பட்சம். இத்தனை வருஷம் பாடுபட்டுப் பேச வச்ச பொண்ணை, பேசாத பையனுக்கா குடுக்கிறது? வீட்டுக்குள்ள பேச்சே இருக்காதே? பிலோமி என் முகத்தைப் பார்க்காம சொன்னா, "பேச்சு இருக்குமுங்க. நமக்குத்தான் கேக்காது."

கல்யாணத்துக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? மண்டபம் நிறைய ஆளு, சத்தமே இல்ல. கை, கை, கை. பந்தியில உக்காந்து இலைக்கு மேல கையை ஆட்டிப் பேசுறாங்க, மேடையில இருந்து வாசல்ல நிக்கிறவனோட பேசுறாங்க. நான் ஒரு மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். எவனும் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசல. ஜெசி சிரிச்சா பாருங்க, தலையைப் பின்னால சாச்சு, தொண்டை தெரிய, உடம்பு மொத்தமும் குலுங்க. நம்ம வீட்டுல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்ல. கல்யாணப் பொண்ணு, கொஞ்சம் அடக்கம் வேணாமா?

அன்னைக்கே குரலை எடுத்துப் பரண்ல போட்டுட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட வாய் திறக்கல. கேட்டா போன்ல எழுதிக் காட்டுவா. "சாப்பிட்டீங்களா அப்பா." "மாத்திரை போட்டீங்களா அப்பா." நான் வாயால பதில் சொன்னா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. அவ மட்டும் பேச மாட்டா. ஏம்மா பேச மாட்டேங்கிறேன்னு கேட்டதுக்கு என்ன எழுதினா தெரியுமா? "பேசினா வலிக்குதுப்பா." தொண்டையில ஒண்ணும் இல்லைங்க, டாக்டர்கிட்டக் காட்டியாச்சு.

தொண்டையில வந்தது பிலோமிக்கு.

குரல் கம்மிச்சு. சளின்னு நினைச்சோம். கஷாயம் வச்சுக் குடிச்சா. அப்புறம் பார்த்தா குரல்வளையில கட்டி. எடுத்தாத்தான் உயிருன்னாங்க. எடுத்தாங்க. கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா மூச்சு. பேச்சு போச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவ கடைசியாப் பேசினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "கேஸை மூடிட்டுத்தானே வந்தீங்க?"ன்னு கேட்டா. மூடிட்டேன்னேன். அதுதான்.

ஆஸ்பத்திரியில ஒரு சிலேட்டு குடுத்தாங்க. பிலோமி அவ்வளவு படிக்கல, ஒரு வரி எழுத நேரமாகும். எனக்குக் கண்ணாடி போட்டாலும் அவ கிறுக்கல் புரியாது. ரெண்டு பேரும் அந்தச் சிலேட்டை வச்சுக்கிட்டுத் திண்டாடுறோம். அப்பத்தான் ஜெசி கோயமுத்தூர்ல இருந்து வந்தா. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து கையால என்னமோ கேட்டா.

பிலோமி சிலேட்டைக் கீழ வச்சா. வச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கிப் பதில் சொன்னா.

தட்டுத்தடுமாறி இல்ல தம்பி. தண்ணி மாதிரி. மகளும் அம்மாவும் கடகடன்னு பேசுறாங்க. நடுவுல நடுவுல சிரிப்பு வேற. பிலோமிக்குச் சிரிச்சா கழுத்து ஓட்டையில விசில் சத்தம் வரும், அதுக்கும் சேர்த்துச் சிரிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. எப்படிடி உனக்குத் தெரியும்னு கேட்டேன். பிலோமி சிலேட்டை எடுத்து எழுதினா: "எப்பவுமே."

எப்பவுமே! மீதியை ஜெசி போன்ல எழுதிக் காட்டினா. நான் டியூட்டிக்குப் போனதும் அடுப்படியில உக்காந்து ரெண்டு பேரும் கையாலதான் பேசியிருக்காங்க. சின்னதுல இருந்து. அவங்களுக்குள்ள அவங்களே உண்டாக்கிக்கிட்ட பேச்சு. என் சைக்கிள் கேட்டுக்கு வந்தா நிறுத்திடுவாங்களாம். நான் உக்கார வச்சு மெழுகுவர்த்தி ஊத வைக்கிற வேளையில, இந்தம்மா கதவுக்குப் பின்னால நின்னு பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான்னு காட்டிக்கிட்டு இருந்திருக்கா. என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு பாஷை நடந்திருக்கு தம்பி. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?

என்ன சொல்லிச் சிரிக்கிறீங்கன்னு கேட்டா, சிலேட்டுல "ஒண்ணுமில்ல."

அந்த ஆஸ்பத்திரி நாள் எல்லாம் இப்படித்தான் போச்சு. நான் கால்மாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். டாக்டர் வந்து ஏதாவது கேட்டா பிலோமி ஜெசியைப் பார்த்துக் கையாலச் சொல்லுவா, ஜெசி போன்ல எழுதி டாக்டர்கிட்டக் காட்டுவா, டாக்டர் என்கிட்ட வாயால சொல்லுவாரு. என் சம்சாரத்துக்கு எங்க வலிக்குதுன்னு நான் மூணாவது ஆளு மூலமாத் தெரிஞ்சுக்குவேன்.

கட்டி திரும்ப வந்துடுச்சு. இந்தத் தடவை எடுக்க முடியாதுன்னுட்டாங்க.

அன்னைக்குக் காலையில ஜெசி கீழ டிபன் வாங்கப் போயிருந்தா. வார்டுல கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும்தான். பிலோமி கண்ணைத் திறந்தா. ரெண்டு நாளா திறக்காதவ. என்னைப் பார்த்தா. ஒரு கையில ட்ரிப்ஸ் ஊசி. இன்னொரு கையை மெதுவாத் தூக்கி நெஞ்சுல வச்சா. வச்சு, அப்படியே என் பக்கமாத் திருப்பினா. இப்படி. பார்த்தீங்களா? நெஞ்சு. அப்புறம் நான்.

"என்ன பிலோமி? தண்ணியா? நெஞ்சு வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடவா?"

தலையை ஆட்டினா, இல்லைன்னு. மறுபடியும் அதே. நெஞ்சு, நான். பலம் இல்ல, கை பாதியில விழுது. திரும்பத் தூக்குறா. மூணாவது தடவையும். எனக்காகத்தான் காட்டுறா. அவ வாழ்நாள்ல எனக்குன்னு கையால சொன்னது அது ஒண்ணுதான்.

எனக்குப் புரியல தம்பி. ஆயிரம் விமானத்துக்குக் கை காட்டினவன் நான். ஒரு கையைப் பார்த்து எனக்குப் புரியல.

"இரு, இரு, ஜெசியைக் கூட்டிட்டு வர்றேன், அப்படியே இரு"ன்னு சொல்லிட்டு ஓடினேன். லிஃப்ட் வரல. படியில இறங்கி, கேன்டீன்ல தேடி, அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேல வந்தேன். கட்டிலைச் சுத்தி ஸ்க்ரீன் போட்டிருந்தாங்க. நர்ஸ் வெளிய வந்தாங்க. ஜெசியோட தோளைத்தான் தொட்டாங்க.

தண்ணி இருக்கா? குடுங்க. ரெண்டு வாய் போதும்.

ஒரு வருஷம் ஆகப் போகுது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்துல கேக்க முடியல. அப்புறம் போன்ல எழுதி அனுப்பலாம்னா, கையசைவை எப்படி எழுதுறது? கோகுல் வீடியோவுல கூப்பிடச் சொல்லிக் குடுத்தாப்ல. ஆனா இதை நேர்லதான் கேக்கணும்னு எனக்கு. மறந்துடக் கூடாதேன்னு தினம் காலையில ஜெபம் முடிச்சுட்டுக் கண்ணாடி முன்னால நின்னு அதைச் செஞ்சு பார்த்துக்குவேன். நெஞ்சு, அப்புறம் எதிர்ல. எத்தனை விரல் மடங்கி இருந்துச்சு, உள்ளங்கை எந்தப் பக்கம், எல்லாம் சரியா வச்சிருந்தேன். கையில தப்பு வராது எனக்கு. கால் வீக்கம் கொஞ்சம் வத்தினதும், முந்தாநாள் கிளம்பிட்டேன்.

நேத்து சாயங்காலம் கேட்டேன். கோகுல் டீ போட்டுக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தாப்ல. "அம்மா கடைசியா எனக்கு ஒண்ணு காட்டினா. அதுக்கு என்ன அர்த்தம்னு நீ சொல்லணும்"னேன். ஜெசி என் உதட்டையே பார்த்தா. புரிஞ்சுது. காட்டுங்கன்னு தலையை ஆட்டினா.

காட்டினேன்.

அவ முகம் மாறிடுச்சு. டம்ளரைக் கீழ வச்சா. இன்னொரு தடவை காட்டச் சொன்னா. காட்டினேன். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சு இப்படியா, இல்ல இப்படியான்னு திருப்பிக் கேட்டா. முதல்ல காட்டினதுதான் சரின்னேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. போனை எடுத்து எழுதினா: "அம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

முகமா? கையைத்தானேம்மா பார்த்தேன்.

புரியாத மாதிரி பார்த்தா. திரும்பச் சொன்னேன். "கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கல."

எங்க வேலையில முகத்தை யாரு பார்ப்பா தம்பி? மட்டை எங்க இருக்குன்னுதான் பார்க்கணும். மழையில, வெயில்ல, நான் அழுதேனா சிரிச்சேனான்னு எந்தப் பைலட்டுக்குத் தெரியும்? தெரிய வேண்டியதும் இல்ல.

அவ ரொம்ப நேரம் எழுதினா. அழிச்சு அழிச்சு எழுதினா. கையும் முகமும் சேர்ந்தாத்தான் வார்த்தையாம். கை மட்டும் பாதிதானாம். அப்புறம் எழுதினது போதாதுன்னு எனக்குச் செஞ்சே காட்டினா. அதே கை, நெஞ்சு, நான். முகத்துல லேசாச் சிரிப்பு, கண்ணு கனிஞ்சு. போன்ல காட்டினா: "உங்க நினைப்பாவே இருக்கேன்." மறுபடியும் அதே கை. புருவம் சுருங்கி, உதடு இறுகி. "உங்களால எனக்கு ரொம்ப வலி." ரெண்டும் அம்மா சொல்லுவாங்கப்பான்னு எழுதினா. அச்சு அசல் பிலோமி முகம் தம்பி. என் மகளுக்குப் பிலோமி முகம்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.

"இதுல எதும்மா?"

எழுதினா: "நீங்கதானேப்பா அங்க இருந்தீங்க."

கண்ணை மூடி யோசிச்சேன். நேத்து ராத்திரி பூரா, இன்னைக்குக் காலையில, இந்தா இப்ப பஸ்ல வரும்போதும் யோசிக்கிறேன். கை வருது. விரல் வருது. ஊசி குத்தின இடத்துல பிளாஸ்திரி ஒட்டியிருந்தது வருது. கையில இருந்து மேல போகலாம்னு பார்த்தா, அங்க ஒண்ணும் இல்ல.

வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "நீயா ஒண்ணு சொல்லும்மா. ரெண்டுல எது வேணும்னாலும் சொல்லு. நீ சொல்றதை வச்சுக்கிறேன்." அப்படியாச்சும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கோகுல் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாப்ல. ஜெசி கீழ உக்காந்து என் ரெண்டு கையையும் எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. போனை எடுக்கல. என் கை அவ கைக்குள்ள இருந்துச்சு, அதனால கையாலயும் சொல்ல முடியாது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தா.

"தெரியலப்பா."

வாயால, தம்பி! கல்யாணத்துக்கு அப்புறம் நேத்துதான். அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு 'ரி'ய அடுத்து 'ய', அதை அடுத்து 'ல' வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, நாக்கு மூணு இடத்துக்கு ஓடணும். ஒண்ணுகூட நழுவல. எவ்வளவு சுத்தமா வந்துச்சு தெரியுமா? தெருவுல போறவன் கேட்டிருந்தா, காது கேக்காத பொண்ணு சொன்னதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டான்.